பனிக்குள் உறங்கும் பாதரசம்

பாதரசத்தை அறியாத வீடு இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நாவின் கீழ் வைத்த கண்ணாடிக் குழாயில் வெள்ளிக் கோடாக ஏறி நின்றது அதுவே. உலோகமாயினும் அது நீர்போல் ஓடும். திறந்து வைத்தால் கண்ணுக்குப் புலனாகாத ஆவியாகிக் காற்றிற் கலக்கும். அந்த ஆவி எங்கே செல்கிறது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மிளகும் கொக்கோவும் விளையும் மாத்தளை மலைச்சாரலில் வாழும் நமக்கும் வடதுருவத்துக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவக்கூடும். தொடர்பு நம் வீட்டு விளக்கிலேயே உண்டு. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் நிலக்கரியை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யப்படுகிறது. நாடெங்கும் செல்லும் மின்சாரத்தில் அதுவும் கலந்தே நம் இல்லங்களுக்கு வருகிறது. நிலக்கரியில் மிகச் சிறிதளவு பாதரசம் இயற்கையாகவே உண்டு. எரிக்கும்போது அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். நுரைச்சோலையின் பங்கு சிறிதே. ஆயினும் உலகெங்கும் உள்ள நிலக்கரி உலைகளும், பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிரித்தெடுக்கும் சுரங்கத் தொழிலும் சேரும்போது அது பெருந்தொகையாகிறது.

இவ்வாவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து, கடல்களையும் கண்டங்களையும் கடந்து, துருவத்துப் பனியிலும் தாவரங்களிலும் படிகிறது. தாவரங்கள் மடிந்து மண்ணாகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடந்தமையால், பண்டுதொட்டுச் சேர்ந்த பாதரசமும் அம்மண்ணுள் சிறைப்பட்டுக் கிடந்தது.

இன்று அச்சிறை திறக்கிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கரியமில வாயு பூமியின் வெப்பத்தை ஏற்றுகிறது. அதிலும் வடதுருவப் பகுதி, 1979ஆம் ஆண்டுக்குப் பின், உலகச் சராசரியிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. உறைந்த மண் இளகுகிறது. பாதரசம் ஆறுகளின் வழியே கடலை அடைகிறது. ஒரே புகை, புதிய நஞ்சைக் கொண்டு சேர்ப்பதோடு பழைய நஞ்சையும் எழுப்பிவிடுகின்றது.

நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரு மீன் உண்ண, அதனைச் சீலும் திமிங்கிலமும் உண்ண, படிக்குப் படி நஞ்சு செறிகிறது. இறுதியில் அது சேருவது இனுயிட் மக்களின் உணவில். தலைமுறை தலைமுறையாகச் சீலையும் திமிங்கிலத்தையும் வேட்டையாடி உண்பவர் அவர்கள். அவ்வுணவை விடுக என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அப்பனிநிலத்தில் அதற்கு ஈடான உணவு வேறு எளிதிற் கிடைப்பதில்லை.

தாய் உண்ட நஞ்சு கருவிலுள்ள சிசுவின் மூளையையும் தாக்கும். வட அத்திலாந்திக்கிலுள்ள பேரோ தீவுகளில் திமிங்கில இறைச்சி உண்ட தாய்மாரிடம், 1986, 1987ஆம் ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகளை ஏழாம் வயதில் விஞ்ஞானிகள் சோதித்தனர். கருவில் பாதரசம் மிகுதியாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நினைவாற்றலும் கவனமும் மொழித்திறனும் குறைந்திருக்கக் கண்டனர்.

நம் அடுப்படிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது நம்மவர் வழக்கம். பெருஞ்சுறாவும் வாள்மீனும் பிற மீன்களைத் தின்று வாழ்பவை. அவற்றின் தசையில் பாதரசம் மிகுதி. சமைப்பதால் அது நீங்காது. கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் அவற்றைத் தவிர்த்து, நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்களை உண்பதே நன்று. சத்துக்கும் குறைவில்லை, விலையும் பெரிதன்று.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டு உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையைச் செய்தன. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. நாம் நம் உணவைத் தெரிந்து உண்ணலாம். இனுயிட் தாய்க்கு அவ்வாய்ப்பு அரிது. அவள் எரிக்காத கரியின் நஞ்சு அவள் பிள்ளையை அடைகிறது. ஆதலின், வேண்டாத விளக்கை அணைத்தலும், கூரையில் விழும் வெயிலை மின்சாரமாக்கிக் கொள்ளுதலும் நம் சிக்கனத்துக்காக மட்டும் செய்வன அல்ல. முகமறியாத அப்பிள்ளைக்கு நாம் ஆற்றவேண்டிய கடனுமாகும்.