ஹெமியைப் பிரித்து மேய்கிறவர்கள்

முதல் வேலையாகக் காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு இங்கே பலிக்காது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே, போமோனாவுக்கு வந்திருக்கிறோம். 1961 முதல் ‘விண்டர்நேஷனல்ஸ்’ என்கிற டிராக் ரேஸ் திருவிழா நடக்கிற ஊர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள், நேராக ஒரு தடம், முதலில் கடப்பவருக்கு வெற்றி. அவ்வளவுதான் ஆட்டம். அதைப் பார்க்க ஜனங்கள் இடம் பிடித்து உட்காரட்டும். நாம் பின்பக்கம் போவோம். கூத்தே அங்கேதான்!

இந்தப் பந்தயங்களை நடத்துகிற என்.ஹெச்.ஆர்.ஏ. சங்கம் ஒரு புண்ணியம் கட்டிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் எடுத்த அத்தனை பேருக்கும் கார்களைப் பழுதுபார்க்கிற ‘பிட்’ பகுதிக்குள் அனுமதி உண்டு. ஃபார்முலா 1-இல் ஒரு கேமரா இன்ஜின் பக்கம் திரும்பினாலே ஆட்கள் முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே நடுவில் ஒரு கயிறுதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐஸ்கிரீம் வழிய வழியக் குழந்தைகள். அந்தப் பக்கம், சில அடி தள்ளி, சுமார் 11,000 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின்.

அதோ, ‘டாப் ஃபியூயல்’ என்கிற பிரிவைச் சேர்ந்த ஒரு காரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மட்டும் 25 அடி. இப்போதுதான் நான்கு விநாடிக்கும் குறைவாக ஓடிவிட்டு வருகிறது. அதற்குள் 1,000 அடியைத் தாண்டியாயிற்று, மணிக்கு 530 கிலோமீட்டரைத் தொட்டாயிற்று, 40, 50 லிட்டர் எரிபொருளைக் காலி பண்ணியாயிற்று. களைத்துப்போன ஜீவனைக் கொஞ்சம் நிழலில் விடுவார்கள் என்று பார்த்தால், கூடாரத்துக்குள் நுழைந்த கணமே எட்டு, பத்துப் பேர் மேலே பாய்கிறார்கள்.

யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. மேலே உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜரை ஒருவர் அவிழ்த்துத் தூக்குகிறார். இடப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு ஓர் ஆள், வலப்பக்கத்துக்கு ஓர் ஆள். பின்னால் ஒருவர் கிளட்ச் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவுகிறார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பவரின் கால் மட்டும்தான் தெரிகிறது. அவர்தான் ஆயில் தொட்டியைக் கழற்றி, பேரிங்குகளை அவிழ்த்து, கீழிருந்து தள்ளுகிறார். மேலே இருப்பவர் பிஸ்டனை அதன் அலுமினியக் கனெக்டிங் ராடோடு அப்படியே வாங்கிக்கொள்கிறார். கரி படிந்து, ஓரம் லேசாக உருகிய பிஸ்டன் ஒன்று மேசைக்கு வருகிறது. இன்னும் சூடாக இருக்கும்போல. கையுறை போட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

ஸ்பார்க் பிளக்குகளைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினாறு. எல்லாவற்றையும் எண் வாரியாக ஒரு தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முனைக்கம்பி பலவற்றில் அரைகுறையாகத்தான் மிச்சம். பாதித் தடம் தாண்டும்போதே அவை எரிந்து தீர்ந்துவிடுமாம். அப்புறம் யார் பற்றவைப்பது? யாரும் வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் எரிபொருள் தானே வெடித்துக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பி நிறுத்துகிற சமாசாரம் கிடையாது. எரிபொருளை அடைத்தால்தான் அடங்கும். தலைமை மெக்கானிக் ஒவ்வொரு பிளக்கையும் கண்ணருகே பிடித்து, ஜாதகம் பார்க்கிற ஜோசியர் மாதிரி உருட்டி உருட்டிப் பார்க்கிறார். எந்த சிலிண்டர் அதிகமாகக் குடித்தது, எது பட்டினி கிடந்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

அவிழ்த்ததை மறுபடி கோர்க்க எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த சுற்று காத்திருக்கிறது. அவசரம் என்றால் நாற்பது நிமிடத்தில்கூடக் கட்டிவிடுகிறார்கள். பட்டறையில் கார் விட்டுவிட்டு ‘நாளைக்கு வாங்க சார்’ என்ற பதிலோடு திரும்பியிருக்கிற எவருக்கும் இங்கே நெஞ்சு அடைக்கும்.

இத்தனை வேகமாகப் பிரிக்க முடிவதற்கு ஆட்களின் கைவேகம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, இந்த இன்ஜினின் பழைய வடிவம். இன்றைய நவீன இன்ஜின்கள் பலவற்றில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் இருக்கும். ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் சங்கிலியை அவிழ்த்து, கேம்ஷாஃப்டை எடுத்து, திரும்ப மாட்டும்போது டைமிங்கை ஒரு பல் பிசகாமல் வைக்க வேண்டும். ஹெமி என்கிற இந்த இன்ஜின் அந்தக் கால ஆசாமி. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று. அதுவும் எட்டு சிலிண்டர்களும் சாய்ந்து நிற்கிற வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. அங்கிருந்து புஷ்ராடு என்கிற மெல்லிய குழாய்கள் மேலே போய் வால்வைத் தள்ளுகின்றன. ஹெட்டைக் கழற்றுவதென்றால் புஷ்ராடுகளை உருவு, நட்டுகளை அவிழ், தூக்கு. டைமிங் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘காலாவதியான தொழில்நுட்பம்’ என்று பொறியியல் புத்தகம் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிற அதே புஷ்ராடுதான் இங்கே ராஜா!

கிரைஸ்லர் கம்பெனி 1951-இல் முதன்முதலாக ‘ஃபயர்பவர்’ என்ற பெயரில் இந்த வி8-ஐ விற்றபோது அதன் திறன் 180 குதிரை. எரியறையின் கூரையை அரைக்கோளமாகக் குடைந்திருந்தார்கள். ஹெமிஸ்ஃபியர், சுருக்கமாக ஹெமி. கூரை வளைவாக இருந்தால் பெரிய வால்வுகளை எதிரெதிரே சாய்த்து வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையில்லாமல் வெளியேறும். 1964-இல் 426 கன அங்குல ஹெமி வந்தது. டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி அதை ஓட்டி ஜெயித்தார். முதல் மூன்று இடமும் ஹெமி பூட்டிய பிளிமத் கார்களுக்கே. மறு வருடமே, அந்தப் பந்தயத்தை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு அதற்குத் தடை போட்டது. இதைவிடப் பெரிய விளம்பரம் ஓர் இன்ஜினுக்கு வேண்டுமா? 1966-இல் தெருவில் ஓட்டுகிற கார்களிலும் 425 குதிரைத்திறனோடு விற்பனைக்கு வந்து, 1971-இல் நின்றது.

தொழிற்சாலையில்தான் நின்றது, தடத்தில் நிற்கவில்லை. 500 கன அங்குலம் வரை, 90 டிகிரி வி8 என்பது டாப் ஃபியூயல் விதி. கூடாரங்களுக்குள் நாம் பார்ப்பதெல்லாம் அந்த 426-இன் வாரிசுகள். கிரைஸ்லரின் பாகம் ஒன்றுகூட உள்ளே கிடையாது. அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த பிளாக்கில் தண்ணீர் ஓடுகிற வழிகூட இல்லை. சூடேறிக் கெடுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது! எலும்புக்கூடு மட்டும் அதேதான். உள்ளே ஊற்றுவது நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இதற்கு 1.7 கிலோ போதும். ஆக்ஸிஜனைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிற திரவம். அதனால் அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கும் மேலாக எரிபொருளைக் கொட்டலாம். மேலே உட்கார்ந்திருந்த சூப்பர்சார்ஜரின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. ஜெனரல் மோட்டார்ஸின் லாரி, பஸ் டீசல் இன்ஜின்களுக்காக உருவான காற்றூதியின் வம்சம் அது.

விலையை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. ஹெமி பூட்டிய 1971-இன் ‘குடா’ கன்வெர்ட்டிபிள் கார் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்து மெத்தென்ற துணியால் துடைக்கிறார்கள். இங்கே அதன் பேரப்பிள்ளையின் பிஸ்டன் கருகினால் கழற்றிக் கூடையில் வீசுகிறார்கள். எனக்கென்னவோ கூடையில் கிடப்பதுதான் பிடித்திருக்கிறது. அணிகளின் கடையில் அந்தக் கருகிய பிஸ்டன்களை நினைவுப் பரிசாக விற்கிறார்கள். விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இன்ஜின்களைப் பற்றிப் பேச முடியாது. 1-8-4-3-6-5-7-2. செவர்லேயின் புகழ்பெற்ற ஸ்மால் பிளாக்குக்கும் கிரைஸ்லர் வி8-களுக்கும் சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை இதுதான். அமெரிக்காவின் பழைய மெக்கானிக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒற்றைப்படை இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். மொத்தத்தில் சமமாகத்தான் வெடிக்கிறது. ஆனால் இடப்பக்கத்தை மட்டும் காதில் வாங்கினால் 270, 180, 90, 180 டிகிரி இடைவெளியில் முன்னும் பின்னுமாக விழும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக்குழாய் என்பதால் அந்தத் தடுமாற்றம் அப்படியே வெளியே வரும். அதுதான் அமெரிக்க வி8-இன் ‘டபடப’ உறுமல். ஃபெராரியின் வி8-இல் இரண்டு பக்கமும் மாறி மாறி ஒழுங்காக வெடிக்கும். அதனால் அது கீச்சிடும். ஒழுங்கில் என்ன சுகம்?

ஸ்மால் பிளாக் என்றதும் ஒரு வார்த்தை. எட் கோல் என்கிற பொறியாளர் தலைமையில் உருவாகி 1955-இல் 265 கன அங்குலத்தோடு வந்தது. 2011-இல் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 10 கோடியாவது ஸ்மால் பிளாக்கைத் தயாரித்தது. நம் பழைய சினிமாவில் பணக்காரர் என்றால் இம்பாலாவில் வந்து இறங்குவாரே, அந்த இம்பாலாக்கள் பலவற்றில் துடித்ததும் இந்த வம்சம்தான்.

சரி, கூடாரத்துக்குத் திரும்புவோம். கோர்த்து முடித்துவிட்டார்கள். அடுத்த சுற்றுக்கு முன் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பார்கள். மெக்கானிக்குகள் முகமூடி மாட்டுகிறார்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. நாம் நிற்கும் இடத்தில் முகமூடி கிடையாது, கயிறு மட்டும்தான். ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து மேலே எரிபொருளைப் பீய்ச்சுகிறார், இன்ஜின் பற்றிக்கொள்கிறது, அப்புறம் நைட்ரோவுக்கு மாறுகிறது. காதில் விழுவதற்கு முன் மார்புக்கூட்டில் விழுகிறது சத்தம். நைட்ரோ புகையில் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, தொண்டை கமறுகிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் பின்வாங்குகிறார்கள். இரண்டு நிமிடத்தில் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே அடுத்த கூடாரத்துக்கு ஓடுகிறார்கள், இதே அவஸ்தையை இன்னொரு தடவை வாங்கிக்கட்டிக்கொள்ள.

இந்தப் பைத்தியம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டுமா? அதே கலிஃபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஃபமோசோ என்ற தடம் இருக்கிறது. அங்கே ‘கேக்கிள்ஃபெஸ்ட்’ என்று ஒரு நிகழ்ச்சி. இருட்டத் தொடங்கியதும், 1950, 60-களின் டிராக் கார்களைப் பின்னாலிருந்து வேறு வண்டி தள்ளிவந்து முடுக்கும். வரிசையாக நிறுத்துவார்கள். புகைக்குழாய் ஒவ்வொன்றின் வாயிலும் நைட்ரோவின் வெள்ளை மஞ்சள் தீ. பந்தயம் கிடையாது. ஒரு கார்கூட ஓடாது. நின்ற இடத்தில் நின்று உறுமுவதுதான் நிகழ்ச்சி. அதைக் கேட்க ஜனங்கள் டிக்கெட் எடுத்து, வேலியோரம் முண்டியடித்துக்கொண்டு, ‘இன்னும், இன்னும்’ என்று கத்துகிறார்கள். அந்தக் கத்தல் யார் காதிலும் விழப்போவதில்லை என்று தெரிந்தே!