கணுக்கால் ஜவ்வும் ரொட்டி சானாய் மாவும்

பினாங்கின் டிரான்ஸ்பர் ரோட்டில் ரொட்டி சானாய் போடுபவர் கையில் எடுக்கும் உருண்டை, பல மணி நேரத்துக்கு முன்பே பிசைந்து, மார்ஜரின் தடவி, மூடி வைத்தது. அதை மேசையில் தட்டி, வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிதாக்குகிறார், கிழிவதில்லை. மாவில் தண்ணீர் ஊற்றிய கையோடு அப்படி வீசினால் இரண்டாவது வீச்சிலேயே பிய்ந்துவிடும். கணுக்கால் புரண்டு ஜவ்வு கிழிந்தால் உடம்பு அதை எப்படிச் சேர்க்கிறது என்பதைப் புரியவைக்க இந்த மாவே போதும். பினாங்கில் மாலைதோறும் பேட்மிண்டனும் ஃபுட்சாலும் ஆடும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வீக்கம் வற்றியதுமே சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி, அதே காலை மறுபடி சுளுக்கிக்கொண்டு வருபவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள்.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் கிழிவது, வெளிக்கணுக்கால் எலும்பின் முன்புறத்தைப் பாதத்தோடு கட்டியிருக்கும் சிறிய ஜவ்வு. கிழிந்த உடனே இரத்தம் கசிகிறது, வீங்குகிறது, சுடுகிறது. மாவு பிசைவதற்கு முன் மேசையைத் துடைக்கும் வேலை இது. வெள்ளணுக்கள் வந்து சிதைந்த நார்களை அகற்றுகின்றன. சில நாள் நீடிக்கும் இந்த வேலையை முடிக்க விட வேண்டும். ஐஸ் வைத்தால் வலி குறையும், அதில் தவறில்லை. ஆனால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். இந்த முதல் சில நாட்களில் சுளுக்கு எடுப்பவரிடம் காலைக் கொடுத்து அழுத்தி உருவச் சொல்வது கூடவே கூடாது. எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுகூட அப்போது தெரியாது. நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ நேரே எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும்.

அடுத்த சில வாரங்களில் உடம்பு புது நார் போடுகிறது. அந்த நாரின் பெயர் கொலாஜன். முதலில் வருவது மெல்லிய மூன்றாம் வகை. எந்தத் திசையும் இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தண்ணீர் ஊற்றிக் கலந்ததும் கையில் திரிதிரியாக ஒட்டும் மாவைப் பார்த்திருப்பீர்கள். கோதுமையின் புரதங்கள் அதில் இருக்கின்றன, ஆனால் இன்னும் பின்னிக்கொள்ளவில்லை. பிசையப் பிசைய அவை நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, இழுப்பைத் தாங்கும் வலையாகின்றன. ஜவ்விலும் இதுவே நடக்கிறது. நாரைச் சுரக்கும் செல்கள் இழுப்பை உணர்கின்றன. எந்தத் திசையில் இழுப்பு வருகிறதோ அந்தத் திசையில் நார்களை அடுக்குகின்றன. மூன்றாம் வகை கொஞ்சம் கொஞ்சமாக விலக, உறுதியான முதல் வகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. இது முடிய மாதங்கள் ஆகும். ஓராண்டுக்கு மேலும் நீளலாம். வலி அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. ஆபத்தே அங்கேதான்.

ஆகவே காலைக் கட்டிப்போட்டுப் படுத்திருப்பது சிகிச்சை ஆகாது. இழுப்பே இல்லாவிட்டால் புது நார்கள் திசை பிடிப்பதில்லை. படுத்தே கிடந்தால் தசையும் கரைகிறது: ஆரோக்கியமான இளைஞர்களின் காலை ஐந்தே நாள் அசையாமல் கட்டிவைத்துப் பார்த்த ஆய்வொன்றில் தொடைத்தசையின் பருமன் 3.5 விழுக்காடும் வலு 9 விழுக்காடும் குறைந்தன.

எவ்வளவு பிசைய வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஜவ்வுத் திசுவை இழுத்துப் பார்த்தபோது, பத்து நிமிடம்போல இழுத்ததும் செல்கள் அதற்குமேல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டன. மறுபடி பதில் சொல்ல ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. ரொட்டிக் கடையில் மாவை ஊறவிடுவதும் இதைப் போலத்தான். பிசைந்து இறுகிய வலை தளர்ந்தால்தான் அடுத்த இழுப்பை ஏற்கும். மாலையில் ஒருமணி நேரம் மூச்சுப் பிடித்துப் பயிற்சி செய்வதைவிட, காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரிப்பது நல்லது என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இந்த ஆய்வைத்தான் நம்புகிறார்கள். பயிற்சிகளின் வரிசை இது: முதலில் பாதத்தால் காற்றில் எழுத்து எழுதுவது, பிறகு குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, கடைசியில் பக்கவாட்டு ஓட்டமும் ஒற்றைக்கால் தாவலும். ஒற்றைக்கால் நிலைப் பயிற்சியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மறுசுளுக்கைக் குறைப்பதாகத் திரும்பத் திரும்ப நிரூபணமானது அதுதான்.

புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் இதையெல்லாம் உலகமே பார்க்க அனுபவித்தவர். 2012 மே மாதம் சீனாவின் வூஹானில் தாமஸ் கிண்ணப் போட்டியில் டென்மார்க்கின் பீட்டர் காடேவோடு ஆடும்போது அவருடைய கணுக்கால் ஜவ்வு கிழிந்தது. லண்டன் ஒலிம்பிக்குக்குச் சுமார் இரண்டு மாதமே இருந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் சீனாவின் லின் டானிடம் 21-15, 10-21, 19-21 என்று தோற்று வெள்ளி வென்றார். அந்தச் சில வாரங்களில் ஜவ்வு முழுதாக முதிர்ந்திருக்க வழியில்லை. நிபுணர்கள் நாள் முழுக்கக் கூடவே இருந்து அளந்து அளந்து ஏற்றிய பயிற்சியும், கணுக்காலைச் சுற்றிய தசைகளின் பலமுமே அவரைத் தாங்கியிருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு கிடைக்காத நம் பிள்ளை அவரைக் காட்டி, "அவர் ஆடவில்லையா?" என்று கேட்கக் கூடாது.

மாவு உவமை உணவில் வந்து நின்றுவிடுகிறது. ரொட்டிக்கு வேண்டிய மாவு ஒரே தடவையில் குண்டானில் விழுந்துவிடும். ஜவ்வுக்கு வேண்டிய சரக்கு தினம் தினம் வந்து சேர வேண்டும். அதிலும் ஜவ்வுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அடிபட்டவர்கள், "ஓடவில்லையே, எடை போட்டுவிடும்" என்று சாப்பாட்டைக் குறைப்பது இந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு. புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 1.6 முதல் 2 கிராம் வேண்டும். 65 கிலோ எடையுள்ளவருக்கு 104 முதல் 130 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் மட்டும் தின்று அந்தக் கணக்கை எட்ட முடியாது. நாசி கண்டார் கடையில் கோழியோ மீனோ பெரிய துண்டாக, முட்டை, வெண்டைக்காய், சோறு அளவாக என்று கேட்டு வாங்கினால் நல்ல மதிய உணவு. சைவக்காரர்களுக்குப் புளித்த சோயாவான 'தெம்பே' இருக்கிறது. 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம்.

கொலாஜன் இழைகள் முறுக்கேற வைட்டமின் சி இல்லாமல் முடியாது. ஒரு கொய்யா போதும். 2017இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு குடித்து, ஒருமணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாவியவர்களின் இரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியின் அடையாளம் இரட்டிப்பானது. பங்கேற்றவர்கள் எட்டே பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். இதை வைத்து டப்பா டப்பாவாகக் கொலாஜன் பொடி வாங்க வேண்டியதில்லை. ஆட்டுக்கால் சூப்பிலும் ஜெலட்டின் உண்டு, கடைக்குக் கடை அளவு மாறும். ஹலால் பார்ப்பவர்களுக்கு மாட்டு, மீன் ஜெலட்டின் கிடைக்கிறது.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குப் பயம். 2014இல் லீ சோங் வெய் தொடைக் காயத்தோடு போராடிய பின், கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் எடுத்த மாதிரியில் டெக்சாமெத்தசோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு மருந்து இருந்தது. அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சைக் காப்ஸ்யூலின் உறை வழியாக அது வந்தது என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏமாற்றும் நோக்கமில்லை என்றாலும் கவனக்குறைவுக்காக எட்டு மாதத் தடை, அந்த உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கமும் போனது. அந்த மருந்து வீக்கத்தை அடக்கும். கூடவே கொலாஜன் உண்டாவதையும் மந்தப்படுத்தும். மூட்டுவலி போக்கும் என்று விற்கும் ஜாமுவிலும் மூலிகை மாத்திரைகளிலும் இதே டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாக மறையும் மாத்திரையை யார் தந்தாலும், டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிகளில் ஆடுபவர் அந்த எண்ணோடும் நிற்கக் கூடாது. விழுங்குவதற்கு முன்பே குழு மருத்துவரிடமோ தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகாமையிடமோ கேட்டுவிட வேண்டும்.