கரண்டு போனால் வாசல் எங்கே?
மண்டபம், மாடிக் கடை நடத்துகிறவர்கள் கவனிக்க!

முகூர்த்த நாள். மண்டபம் நிறையக் கூட்டம். மாடியில் பந்தி நடக்கிறது. திடீரென்று புகை! கரண்டும் போய்விடுகிறது. கும்மிருட்டு!

வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர். கொல்லைப்புறக் கதவு எந்தப் பக்கம்? யாருக்கும் தெரியாது. எல்லோரும் வந்த வழியாகவே போக முண்டுவார்கள். அங்கேதான் நெரிசல். அங்கேதான் சாவு!

வடக்கனந்தல், கல்வராயன் மலை அடிவாரத்து ஊர். இங்கும் கச்சிராயபாளையம், சின்னசேலம், கள்ளக்குறிச்சியிலும் மண்டபமோ மாடிக் கடையோ வைத்திருப்பவர்கள், "நம்ம கட்டடத்தில் இப்படி நடந்தால்?" என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

59 பேர் பலி

டெல்லி உப்கார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ந் தேதி நடந்தது இதுதான். கீழே டிரான்ஸ்பார்மரில் தீ. புகை பால்கனிக்கு ஏறியது. 59 பேர் செத்தார்கள். அவர்களைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை!

கூடுதல் நாற்காலி போட்டு, வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். அவசர விளக்கு எரியவில்லை. வழி காட்டும் விளக்கும் எரியவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

நம் மாநிலத்திலேயே ஸ்ரீரங்கம் இருக்கிறது. 2004 ஜனவரி 23. கல்யாண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். தப்பி இறங்க இருந்ததோ குறுகலான படிக்கட்டு!

ஓடும் மனிதன்

பச்சைப் பலகையில் ஒருவன் கதவு வழியாக ஓடுவது போன்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பிறந்த இடம் ஜப்பான். 1972-ல் ஒசாகா நகரில் கடைகள் இருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்து 118 பேர் மாண்டார்கள். இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் இந்தப் படத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார்.

இதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டாம். பாஷையும் தெரிய வேண்டாம். பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும்.

எதை வாங்குவது?

வெறும் பெயிண்டு போர்டு இருட்டில் தெரியாது. உள்ளே விளக்கு எரிகிற பலகைதான் வேண்டும். அது எப்போதும் எரிய வேண்டும். கரண்டு போனாலும் அணையக் கூடாது.

மண்டபத்துக்கும் படிக்கட்டுக்கும் வேறு விளக்கு இருக்கிறது. அது கரண்டு போன உடனே தானாக எரியும். பலகை, விளக்கு இரண்டுக்கும் சொந்த பேட்டரி இருக்க வேண்டும். அவசர விளக்கு குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, இந்த நேரத்தை!

"ஜெனரேட்டர்தான் இருக்கே, இது வேற எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ஜெனரேட்டரை யாராவது ஓடிப்போய் போட வேண்டும். தீ சுவிட்ச் போர்டிலேயே பிடித்துவிட்டால்? ஜெனரேட்டர் ஓடியும் விளக்கு எரியாது!

எங்கே மாட்டுவது?

வெளியே போகும் ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு பலகை. படிக்கட்டின் மேலும் கீழும், வழி திரும்பும் இடத்திலும், பந்தி நடக்கும் ஹாலிலும் விளக்கு. புகை முதலில் கூரையைத்தான் மறைக்கும். அதனால் நடைவழிச் சுவரில், முழங்கால் உயரத்திலும் இருட்டில் ஒளிரும் அம்புக்குறி ஒட்டுவது நல்லது.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. சீரியல் செட்டும் துணி அலங்காரமும் பலகையை மறைக்கக் கூடாது. மாதம் ஒரு நாள், ராத்திரியில் மெயினை அணைத்துவிட்டு மாடியிலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே ஒரு விளக்கு குறைகிறது!

பேட்டரிக்கும் வயசாகும். சோர்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

பூட்டு எதற்கு?

கண்டவர்கள் நுழையக் கூடாது என்று கொல்லைப்புறக் கதவைப் பூட்டுகிறார்கள். சாவி மேனேஜர் பையில்! பூட்டிய கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரிந்து என்ன பயன்? ஆள் உள்ளே இருக்கும்வரை எந்தக் கதவுக்கும் பூட்டு வேண்டாம்.

கல்யாணத்துக்குப் போகிறவர்களும், இலையில் உட்காருமுன் இன்னொரு வாசல் எங்கே என்று பார்த்துவையுங்கள். தீயணைப்பு நிலையத்தை அழைக்க: 101.