திராட்சைக்குச் சுண்ணாம்புச் சத்து: எவ்வளவு என்பதைவிட எப்போது

திராட்சை வாங்குபவர் முதலில் ஒரு மணியைக் கிள்ளி, விரலால் அழுத்திப் பார்க்கிறார். அந்த இறுக்கத்தில் பெரும்பங்கு கால்சியத்துக்கு உண்டு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டினைக் கால்சியம்தான் இறுக்கிக் கட்டுகிறது. அது குறைந்தால் மணி சீக்கிரம் குழையும், மழைக்கு வெடிக்கும், சாம்பல் பூஞ்சைக்கு வழிவிடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையானாலும், நாசிக்கின் விதையில்லாத் திராட்சையானாலும், லாரி ஏறிப் பயணிக்க இந்த இறுக்கம் வேண்டும். அதற்காக மண்ணில் ஜிப்சத்தைக் கொட்டினால் போதுமா? போதாது. மண்ணில் இருக்கும் கால்சியம் வேறு, பழத்துக்குள் போய்ச் சேரும் கால்சியம் வேறு.

கால்சியம் வேரிலிருந்து நீரோடு சைலம் குழாய் வழியே மேலேறுகிறது. எங்கே நீர் அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் அதிகம் சேரும். அந்தப் போட்டியில் இலை எளிதாக முந்திவிடுகிறது. இலையில் படிந்த கால்சியம் சர்க்கரையைப் போல மறுபடி பழத்துக்கு இறங்கி வருவதில்லை. மணி நிறம் மாறத் தொடங்கியதும் சைலம் வழி வரும் நீர் வெகுவாகக் குறைகிறது. ஆகவே காய் பிடித்ததிலிருந்து நிறம் மாறும் வரையிலான சில வாரங்களே வாய்ப்பான காலம்.

'எங்கள் மண்ணே சுண்ணாம்பு மண், இன்னும் எதற்கு?' என்று கேட்பது நியாயமே. அத்தகைய மண்ணில் கூடுதல் உரம் பலன் தராமல் போகலாம். அங்கே குறை சத்தில் இல்லை, அது போகும் வழியில் இருக்கிறது. நிலம் காய்ந்தால் நீரோட்டம் நின்றுபோகும். இனிப்புக்காகப் பொட்டாஷை அளவின்றி இட்டால் அது வேரிலேயே கால்சியத்தோடு போட்டியிடும். 'இலையில் தெளித்தால் ஆகாதா?' என்றும் கேட்கலாம். இலையில் விழுந்தது இலையோடு நின்றுவிடும். குலையின் மேல் நேராகப் படுவது மட்டுமே மணிக்கு ஓரளவு உதவும்.

உரத்தைத் தேர்ந்தெடுப்பதும் மண்ணைப் பொறுத்தது. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு ஏற்றது. காரத்தன்மையைக் கூட்டாமல் கால்சியம் தர ஜிப்சம் உதவும். கால்சியம் நைட்ரேட் நீரில் உடனே கரைந்து சொட்டுநீரோடு போகும். ஆனால் அதிலுள்ள தழைச்சத்து மிகுந்தால் கொடி தழைத்து, இலைகளே கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். எனவே மூட்டையைப் பிரிக்கும் முன் மண்ணைப் பரிசோதியுங்கள்; காய் பிஞ்சாக இருக்கும்போதே கொடுங்கள்; அந்த வாரங்களில் பந்தலின் அடியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.