உங்களுக்குத் தெரியுமா? திருமலை டிக்கெட்டும் திருட்டு முகவரியும்

திருமலை தரிசன டிக்கெட் எடுப்பவர்களைக் குறிவைத்து முளைத்த போலி இணையதளங்களில் 41-ஆவது, 2023 ஏப்ரலில் பிடிபட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு கொடுத்த புகாரின்பேரில் திருமலை ஒன் டவுன் போலீஸார் ஏமாற்றுதல், போலி ஆவணம் தொடர்பான பிரிவுகளில் வழக்குப் பதிந்தார்கள். அதற்கு முன்பே 40 தளங்கள்மீது வழக்கு இருந்தது.

அந்த 41-ஆவது முகவரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்போதைய அசல், 'திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்'. போலி, 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்'. புள்ளி இருந்த இடத்தில் சின்னக் கோடு, கடைசியில் 'இன்' போய் 'ஆர்க்'. அவ்வளவுதான் வித்தியாசம். 300 ரூபாய் டிக்கெட் தீர்ந்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில், கைபேசியின் சின்னத் திரையில், இது யார் கண்ணில் படும்? ஏமாந்தவர்களை 'படித்தவர்தானே, பார்க்க வேண்டாமா' என்று திட்டுவது நியாயமே இல்லை. முகவரியைப் பின்னாலிருந்து படிக்க யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொடக்கத்தில் உள்ள 'https://' போக, அடுத்த முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால், கோடு இல்லாமல் புள்ளியோடு, '.கவ்.இன்' என்று முடிந்தால் அது அரசுத் தளம். இந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். 'ஆர்க்', 'காம்' போன்றவற்றைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

தேவஸ்தானத்தின் முகவரியே 2024 ஜனவரியில் மாறிவிட்டது. இப்போது 'டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.கவ்.இன்'. 'திருப்பதி டிக்கெட்' என்று தேடி முதலில் வருவதைத் தட்டாதீர்கள், அது விளம்பரமாக இருக்கலாம். தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வச் செயலியும் இருக்கிறது.

முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாமா? கூடாது. நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்று மட்டுமே அந்தப் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. போலித் தளங்களும் அந்தப் பூட்டை மாட்டிக்கொள்கின்றன. இந்தக் குழப்பத்தால்தான் கூகுள், 2023-ல் குரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

தேவஸ்தானத் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டுத்தான் உள்ளே போகிறோம். அதனால் ஓடிபி யார் கையில் இருக்கிறதோ, அந்த நிமிடத்துக்கு அவர்தான் நீங்கள். 'நான் எடுத்துத் தர்றேண்ணா, ஓடிபி மட்டும் சொல்லுங்க' என்று பேருந்து நிலையத்தில் யாராவது அன்பாகக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அறை ஒதுக்கீட்டிலும் இலவச தரிசன வரிசையிலும் இடைத்தரகர்கள் புகுந்து விளையாடியதால்தான், 2023 மார்ச் 1 முதல் திருமலையில் முகம் பார்த்து அடையாளம் காணும் முறை வந்தது.

லாட்ஜில் ஆதார் நகல் கேட்கிறார்களா? கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' ஒன்றை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் நகலைக் கொடுங்கள். தரிசன வரிசைக்கு மட்டும் டிக்கெட் எடுக்கும்போது காட்டிய அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஆந்திரத்தில், சித்தூர் போன்ற ஊர்களில் நிலம் வாங்கி விற்றவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். ஆந்திரப் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்த பத்திரங்களை இறக்கி, அவற்றிலிருந்த கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த கும்பலை 2022-ல் சைபராபாத் போலீஸார் பிடித்தார்கள். பின் எண்ணும் இல்லை, ஓடிபியும் இல்லை. ஆதார் எண்ணோடு ரேகையே போதுமானதாக இருந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை எங்கே மாற்றுவது? ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்துகொடுக்க வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு.

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர மின் விநியோக நிறுவனத்தின் கணினிகளே 2019-ல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸில் சிக்கியிருக்கின்றன. உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இன்னொரு பிரதி, இணையத்தோடு சேராத ஒரு வட்டில் இருக்கட்டும்.

'இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்' என்று ஒரு தனியார் கைபேசி எண்ணோடு வரும் செய்தி, மோசடி.

பணம் நம் கணக்குக்கு வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

வங்கித் தளங்களுக்கும் இப்போது தனி முடிவு வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. உங்கள் வங்கியின் முகவரியை இன்றே ஒருமுறை பாருங்கள்.

மற்ற எல்லாவற்றையும்விட முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சல் கணக்கு. 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று எங்கே தட்டினாலும், புதியது உருவாக்கும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும். அதன் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான கடவுச்சொல், '@', '#' சேர்த்த குட்டைக் கடவுச்சொல்லைவிட வலுவானது. குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டவே வேண்டாம்.

பணம் போய்விட்டதா? முதல் அழைப்பு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. சித்தூரிலிருந்து அழைத்தாலும் சென்னையிலிருந்து அழைத்தாலும் இதே எண்தான். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால், வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். ஓடிபியை நாமே கொடுத்துவிட்டோம் என்று கூச்சப்பட்டு ஒளிந்துகொள்பவர்கள் இதையும் படியுங்கள்: அப்படி நேர்ந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நொடிக்குப் பிறகு கணக்கிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு.