எழுத்து இல்லாத பாடம்!
எந்திரத்தைப் பிரித்துக் காட்டும் ஓவியர்கள்

புதிதாக ஒரு தையல் எந்திரம் வாங்குகிறீர்கள். பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. அதில் படங்கள். 1, 2, 3 என்று எண்கள். அம்புக் குறிகள்.

பலர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பது இல்லை. பழைய தாளோடு சேர்த்துப் போட்டு விடுகிறார்கள்.

அந்தப் படத்தை வரைய ஒருவர் கண் விழித்து உழைத்து இருக்கிறார். அவருடைய பெயர் பெரும்பாலும் படத்தின் கீழே இராது. அவர்தான் தொழில்நுட்ப ஓவியர்.

மலையையும் ஆற்றையும் வரைபவர், கண்ணுக்குத் தெரிவதை வரைகிறார். இவர் வரைவது மூடிக்குள் மறைந்து கிடப்பதை!

நறுக்கிய பப்பாளி

அது எப்படி?

பப்பாளிப் பழத்தை நறுக்கினால் உள்ளே விதை தெரிகிறது அல்லவா? அதுபோல, என்ஜினின் மேல் தகட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து விட்டதாக வைத்துக் கொண்டு வரைவார்கள். உள்ளே பிஸ்டனும் வால்வும் தெரியும். இது வெட்டிக் காட்டும் படம்.

சைக்கிள் கடைக்காரரைக் கவனித்து இருப்பீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் நட், வாசர், கோன், பால்ரஸ் குண்டு என்று சாக்கின் மீது வரிசையாக வைப்பார். வரிசை தப்பினால் திரும்பப் பூட்ட முடியாது. அந்த வரிசையைத் தாளில் போட்டால், அது பிரித்துக் காட்டும் படம்.

மோனாலிசா ஓவியத்தை வரைந்த லியோனார்டோ டாவின்சியும் இப்படி வரைந்து இருக்கிறார். சுமை தூக்கும் பொறி ஒன்றை ஒரு பக்கம் முழுதாகவும், மறுபக்கம் உறுப்பு உறுப்பாகப் பிரித்தும் காட்டினார். இது நடந்து 500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

பட்டறைக்குப் போனவர்

ஒரு காலத்தில் தொழில் என்பது ரகசியம். தகப்பன் மகனுக்குச் சொல்வான். குரு சீடனுக்குச் சொல்வார். வெளியார் கண்ணில் படாது.

பிரான்சு நாட்டில் டிடரோ என்ற அறிஞர் இருந்தார். கத்தி செய்யும் தொழிலாளியின் மகன். எல்லாத் தொழில்களையும் எல்லோரும் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் நடத்திய கலைக் களஞ்சியத்தில் படங்களுக்கு மட்டும் 11 தொகுதிகள். அவை 1762 முதல் 1772 வரை வெளிவந்தன.

அந்தப் படங்களில் 900-க்கு மேல் வரைந்தவர் கூசியே என்ற ஓவியர். அவர் வீட்டில் உட்கார்ந்து வரையவில்லை. காகித ஆலைக்கும், நங்கூரம் அடிக்கும் பட்டறைக்கும் நேரில் போனார். தொழிலாளியின் கை போகும் வழியைப் பார்த்தார். கருவிகளைக் கவனித்தார். பிறகே வரைந்தார்.

பல படங்களில் மேலே பட்டறையில் ஆட்கள் வேலை செய்வார்கள். கீழே அவர்களுடைய கருவிகள் தனித்தனியே இருக்கும். பூட்டிக் கிடந்த தொழில் வெளிச்சத்துக்கு வந்தது.

பேராசிரியரின் யோசனை

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாரிஷ் என்ற பேராசிரியர் இருந்தார். தொழிற்சாலை எந்திரங்களின் மாதிரிகளை வகுப்பில் ஓட்டிக் காட்டுவார்.

ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு மாதிரி செய்தால் கட்டுப்படி ஆகுமா? ஆகவே, சக்கரம், அச்சு என்று பொதுவான உறுப்புகளைச் செய்து வைத்துக் கொண்டார். இன்று ஓர் எந்திரம். மறுநாள் அதே உறுப்புகளில் வேறு எந்திரம்!

பூட்ட வேண்டியவர்கள் உதவியாளர்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஒரு படம் வேண்டும்.

ரெயில் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால், தூரத்தில் இரண்டும் ஒட்டிக் கொள்வதுபோலத் தெரியும். சாதாரணப் படத்திலும் அப்படித்தான். தொலைவில் இருப்பது சிறுத்து விடும். அதில் அளவு எடுக்க முடியாது.

பாரிஷ் 1822-ல் ஒரு முறையை விளக்கி எழுதினார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே அளவில் போடும் முறை அது. அந்த மூன்று திசையிலும் படத்தின் மேல் அடிக்கோலை வைத்தே அளந்து கொள்ளலாம். "ஐசோமெட்ரிக்" என்று இன்றும் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

சுடாத துப்பாக்கி

படம் உயிரைக் காக்குமா? வியட்நாம் போரில் நடந்ததைக் கேளுங்கள்.

அமெரிக்கப் பட்டாளத்துக்கு எம்.16 என்ற புதிய துப்பாக்கி கொடுக்கப்பட்டது. 1966, 1967-ம் ஆண்டுகளில் சண்டை நடக்கும்போதே அது சிக்கிக் கொண்டது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வரவில்லை. கையில் துப்பாக்கி இருந்தும் சுட முடியாமல் வீரர்கள் மாண்டார்கள்.

வெடி மருந்தை மாற்றியது ஒரு காரணம். தோட்டா அமரும் அறைக்குள் துருப் பிடிக்காத குரோமியப் பூச்சு இல்லாதது இன்னொரு காரணம். துடைக்கும் சாமான்கள் போதிய அளவு வரவில்லை. துடைக்கும் முறையும் சரியாகக் கற்றுத் தரப்படவில்லை.

குறைகள் திருத்தப்பட்டன. ஆனால், களத்தில் இருந்த அத்தனை வீரர்களுக்கும் துடைக்கக் கற்றுத் தருவது எப்படி?

வில் ஐஸ்னர் என்ற படக்கதை ஓவியர், 1951 முதலே பட்டாளத்தின் எந்திரப் பராமரிப்பு மாத இதழுக்குப் படங்கள் அமைத்து வந்தார். 1968-ல் அவர் கைவண்ணத்தில் ஒரு சிறு புத்தகம் வந்தது. பாக்கெட்டில் வைக்கலாம். வண்ணப் படங்கள், சிரிக்க வைக்கும் பேச்சு. எதைக் கழற்றுவது, எங்கே துடைப்பது, எங்கே எண்ணெய் இடுவது எல்லாம் படத்திலேயே!

புத்தகம் மட்டும் துப்பாக்கியைத் திருத்தி விடவில்லை. ஆனால், திருத்திய துப்பாக்கியைப் பழுது இல்லாமல் வைத்திருக்க அது கற்றுக் கொடுத்தது.

எதை விடுவது?

இந்த ஓவியர்கள் கூடினால் என்ன பேசுவார்கள்? எதை வரையாமல் விடுவது என்பதுதான் பெரிய பேச்சு.

புகைப்படத்தில் அழுக்கு, நிழல், பளபளப்பு எல்லாம் விழும். அவ்வளவும் இருந்தால் வேண்டிய திருகாணி கண்ணில் படாது. ஓவியர் வேண்டாததை விட்டு விடுவார். வெளிக்கோட்டைத் தடிப்பாகவும் உள்கோட்டை மெல்லியதாகவும் போடுவார். வேலை செய்பவர் நிற்கும் பக்கத்தில் தாமும் நின்று பார்த்து வரைவார்.

அடுத்தது சோதனை. அந்த எந்திரத்தையே பார்க்காத ஒருவரிடம் படத்தைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. அவருடைய கை எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கே படத்தில் பிழை!

இன்று கம்ப்யூட்டர் வந்து விட்டது. கணக்கிட்டுக் கோடு போடும் வேலையை அது செய்து விடும். ஆனால், பார்ப்பவர் எங்கே குழம்புவார் என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டி இருக்கிறது.

விமானத்தில் ஒவ்வொரு இருக்கையின் முன்னும் ஒரு அட்டை இருக்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறப்பது எப்படி என்று அதில் படம் போட்டு இருக்கும். பயணிகள் பல மொழி பேசுபவர்கள். எழுத்து தெரியாதவரும் இருப்பார். எல்லோருக்கும் அந்த ஒரே படம்தான் வழிகாட்டி.

உங்கள் பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பிரித்துப் போடுகிறானா? அடிக்காதீர்கள். ஒரு பென்சிலைக் கொடுங்கள். கழற்றிய வரிசையில் வரையச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தைத் தங்கையிடம் கொடுங்கள். அதைப் பார்த்து அவள் பூட்டி விட்டால், பையன் வரைந்தது நல்ல படம்!