குழுமூர் அனிதா: போற்ற வேண்டியது வாழ்வை

செந்துறை வட்டத்தில் முந்திரிக் கொல்லைகளும் மானாவாரி நிலமும் சூழ்ந்த சிற்றூர் குழுமூர். முன்பு பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2007-ல் அரியலூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. இவ்வூரில் பட்டியலினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அனிதா. தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அனிதாவின் சிறு வயதிலேயே தாய் இறந்துவிட்டார். டாக்டராக வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம்.

2017 பிளஸ் டூ தேர்வில் அவர் 1200-க்கு 1176 எடுத்தார். உயிரியல் மதிப்பெண்ணில் பாதியையும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் கால் பங்கையும் கூட்டிக் கணக்கிடும் மருத்துவ கட்-ஆஃப் அவருக்கு 200-க்கு 196.75 வந்தது. பொறியியல் கட்-ஆஃப் 199.75. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்த பழைய முறையில் மருத்துவ இடம் கிடைத்திருக்கும் மதிப்பெண் இது. ஆனால் மே 7-ல் நடந்த, நாடு முழுவதற்குமான மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தேர்வில் அவருக்குக் கிடைத்தது 720-க்கு 86 மட்டுமே. அது வேறு பாடத்திட்டம், வேறு கேள்விமுறை. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமும் இல்லை.

அந்த ஆண்டு தமிழகத்துக்கு நீட்டிலிருந்து விலக்கு கிடைக்குமா என்பது ஆகஸ்ட் வரை தெரியவில்லை. நீட் அடிப்படையில்தான் சேர்க்கை நடக்க வேண்டும் என்று கோரி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களின் தரப்பாக நின்றார் அனிதா. கிராமத்துப் பெண் ஒருவர் தன்னைப் போன்றவர்களுக்காகத் தலைநகரம் வரை போய் முறையிட்டதுதான் அவரை இந்த வட்டார மாணவிகளின் நாயகி ஆக்கியது. ஆகஸ்ட் 22-ல் தீர்ப்பு எதிராக வந்தது. செப்டம்பர் 1-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவரைக் கொண்டாடுவோர் பலர் அந்த முடிவையே தியாகம் என்று பேசுகிறார்கள். இது ஆபத்தான பேச்சு. அனிதாவின் பெருமை 1176-லும் நீதிமன்றப் படியேறிய துணிவிலும் இருக்கிறது, சாவில் இல்லை. அவர் இன்று டாக்டராக இருந்திருக்க வேண்டியவர்.

அவர் பெயரால் குழுமூரில் நூலகம் ஒன்று இயங்குகிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நீட் விலக்குக் கோரும் மசோதா 2021-லும் 2022-லும் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ஆனாலும் கவலை தீரவில்லை. நீட் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநில அரசு அமைத்த குழு 2021-ல் அறிக்கை தந்தது. மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வு எழுதியவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம் என்கிறது அது. பிளஸ் டூ முடித்த பிறகு ஓராண்டு வீட்டில் இருந்து, பயிற்சிக் கட்டணமும் கட்ட முடிந்தவர்களுக்கே கதவு திறக்கிறது என்பதே இதன் பொருள். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டு கட்டுப்படியாகாது. பெண் பிள்ளை என்றால் அதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

நீட் தொடரும் வரை ஒன்றியம்தோறும் கட்டணமில்லாப் பயிற்சி, அதுவும் பதினோராம் வகுப்பிலிருந்தே, தமிழ்வழிப் பாடநூல்களோடு நடக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் வாரங்களில் ஒவ்வொரு மாணவரோடும் ஆசிரியர் ஒருவர் பேச வேண்டும். மனம் உடையும் பிள்ளைகளுக்கு 104, 14416 என்ற உதவி எண்களைப் பள்ளியிலேயே எழுதிப் போட வேண்டும். அனிதாவை நாயகியாகக் கொண்ட பிள்ளைகள் அவரைப் போலப் படிக்கட்டும், அவரைப் போல உரிமை கேட்கட்டும். தோற்றாலும் மறுபடி எழுதவோ வேறு படிப்புக்குப் போகவோ வழி இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஊரும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.